சிறைவாசலுக்கு வெளியே

1918ஆம் ஆண்டு நவம்பரில் கடலூருக்கு அருகே கைதாகி, டிசம்பர் நடுவில் நிபந்தனைகளுடன் விடுதலையான பாரதி நேரே வந்து சேர்ந்த ஊர் கடையம். செல்லம்மாளின் பிறந்தகம். வடகரையிலிருந்து அதிகத் தொலைவில்லை. இன்று இரண்டும் ஒரே தென்காசி மாவட்டம். சிறை மீண்டவரை அக்கிரகாரம் எப்படி ஏற்றுக்கொண்டது, எவ்வளவு ஏற்றுக்கொள்ளவில்லை என்பது பாரதி வரலாற்றை வாசித்தவர்கள் அறிந்ததே. அதற்கும் ஆறாண்டுகள் முன்பு, 1912 டிசம்பர் 24 அன்று கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளிவந்த வ.உ.சி.யை வரவேற்கக் கூட்டம் ஏதும் இல்லை. நெல்லைச் சீமையில் இவ்விரண்டு காட்சிகளையும் சொல்லிச் சொல்லி வருந்துகிறோம். வருந்த வேண்டியதுதான். ஆனால் அவர்கள் ஆண்கள், புகழ் பெற்றவர்கள், பிற்பாடு சிலையானவர்கள். சிறைவாசலைக் கடந்து வீடு திரும்பிய பெண்களைப் பற்றி நம்மிடம் என்ன நினைவு இருக்கிறது என்று தேடினால், வடக்கே கடலூர் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

கடலூர் அஞ்சலையம்மாள் 1890இல் பிறந்தவர். 1927இல் சென்னையில் நீல் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் சிறுமியான தம் மகள் அம்மாக்கண்ணுவோடு கலந்துகொண்டு சிறை சென்றார். அந்தச் சிறுமியைக் காந்தி லீலாவதி என்று பெயர் மாற்றித் தம் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். (மார்க்ஸின் மூலதனத்தைத் தமிழாக்கிய க.ரா. ஜமதக்னிதான் பின்னாளில் லீலாவதியை மணந்தவர். இலக்கிய வாசகர்கள் இந்தக் கண்ணியை மறந்துவிடுகிறோம்.) இன்னொரு முறை வேலூர்ச் சிறையில் இருந்தபோது அஞ்சலையம்மாள் கருவுற்றிருந்தார். பிரசவத்துக்காக வெளியே விடப்பட்டு, பிள்ளை பிறந்த பின் கைக்குழந்தையோடு மீண்டும் சிறைக்குள் போனார். அந்தப் பிள்ளைக்கு வழங்கிய பெயர் ஜெயில் வீரன்.

இந்தப் பெயரில்தான் நமக்குச் சற்று நின்று பார்க்கத் தோன்றுகிறது. சிறைக்குள் வளர்ந்த குழந்தைக்கு அச்சிறையே பட்டமாகியிருக்கிறது. ஊர் அதைக் கூசாமல் கூப்பிட்டிருக்கிறது. வீட்டையும் நிலத்தையும் விற்றுப் போராட்டத்துக்குக் கொடுத்த குடும்பம் அது. ஆகவே அஞ்சலையம்மாள் திரும்பி வந்தபோது காத்திருந்தது சொத்தல்ல. கணவர் முருகப்பா இருந்தார், காங்கிரஸ் கமிட்டி இருந்தது, பேர் சொல்லி அழைக்கும் தெரு இருந்தது. 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1946இல் மறுபடியும். சிறை சென்று வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு சமூகம் செய்யக்கூடியதை அதன் உச்ச அளவில் செய்த நிகழ்ச்சி என்று இதைக் கொள்ளலாம்.

அதே வேலூர்ச் சிறையில் அதே காலத்தில் திருட்டுக்கும் சாராயத்துக்கும் கொலைக்குமாக அடைபட்டிருந்த பெண்கள் எங்கே போனார்கள்? அவர்களுடைய குழந்தைகளுக்கும் அந்தச் சிறைதான் தொட்டில். பட்டம் யாரும் கொடுக்கவில்லை.

அரசுத் தரப்பில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. விடுதலையான கைதிகளுக்கு உதவும் சங்கம் சென்னை மாகாணத்தில் 1920களிலேயே தோன்றிவிட்டது. வழிச்செலவு, சிறு கடன், தையல் இயந்திரம், கறவை மாடு என்று அதன் உதவி இன்றும் ஏதோ ஒரு வடிவில் தொடர்கிறது. நன்னடத்தைச் சட்டம் 1937 முதலே இங்கு உண்டு. பெண் கைதிகளின் நிலையை ஆராய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் அமைந்த தேசியக் குழு 1987இல் அறிக்கை அளித்தது. புழலில் 2023இல் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் திறக்கப்பட்டது. செய்தியைப் படித்து நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் இவையெல்லாம் கைக்குத் தொழில் தருகிற ஏற்பாடுகள். தொழில் தெரிந்த கையோடு அந்தப் பெண் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள் என்பது வேறு கேள்வி.

2006இல் உபாத்யாய் வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். தாயோடு சிறையில் இருக்கும் குழந்தை ஆறு வயது வரை அங்கே இருக்கலாம்; அதன்பின் வெளியே ஒப்படைக்கப்பட வேண்டும். மனிதாபிமானமுள்ள தீர்ப்புதான். ஆயினும் தண்டனை நீண்டதாக இருந்தால் பிள்ளை முதலில் விடுதலையாகிறது, தாய் பின்னால் வருகிறாள். இடைப்பட்ட ஆண்டுகளில் அது ஆச்சியையோ சித்தியையோ அம்மா என்று அழைக்கப் பழகிவிடுகிறது. அந்த ஒற்றைச் சொல்லைத் திரும்பப் பெற எந்தச் சங்கம் கடன் கொடுக்கும்?

அரசியல் கைதி என்றால் மாலை, மற்றவருக்கு ஏச்சு என்று இதைச் சுருக்கிவிடவும் முடியவில்லை. ஈழத்துத் தமிழினி நம் கண்முன் இருக்கிறார். விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்தவர். 2009 மே மாதத்துக்குப் பின் வெலிக்கடைச் சிறை, அடுத்து வவுனியா பூந்தோட்டம் புனர்வாழ்வு முகாம், 2013 ஜூனில் விடுதலை. அவர் போராடியது எந்த மக்களுக்காகவோ அந்த மக்களிடமே திரும்பி வந்தார். ஆனால் ஒரு பக்கம் கண்காணிப்பு, மறுபக்கம் சந்தேகம். உயிரோடு பிடிபட்டதையே குற்றமாகப் பார்த்த கண்கள் அந்நாட்களில் குறைவல்ல. 2015 அக்டோபரில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அப்போது வயது நாற்பத்து மூன்று. ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016இல்தான் நூலானது. அந்நூலை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் அரசியல். அதை எழுதியவருக்கு இரண்டரை ஆண்டுகூட நிம்மதியான புறவுலக வாழ்வு கிடைக்கவில்லை என்பதில் கட்சி பிரிய இடமில்லை.

மீண்டும் நம் வட்டாரம். தென்காசிப் பக்கம் கைதாகும் பெண்கள் பெரும்பாலும் தாமிரபரணிக் கரையில் உள்ள கொக்கிரகுளம் மகளிர் கிளைச் சிறைக்கு அனுப்பப்படுகிறார்கள். விசாரணைக் கைதியாக இரண்டு மாதம் இருந்தாலும் ஊர் வாயில் அது ‘ஜெயிலுக்குப் போனவ’தான், வழக்குத் தள்ளுபடியானது பலர் காதுக்கு எட்டுவதே இல்லை. திரும்பி வருபவளுக்கு இங்கே கைகொடுக்கக்கூடிய தொழில் பெரும்பாலும் பீடி. இலை, தூள், நூல், மடியில் ஒரு சுளகு போதும். தனியாக வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டும் சுற்றலாம். ஆனால் வடகரையிலும் அச்சன்புதூரிலும் கடையநல்லூரிலும் பெண்கள் அப்படிச் சுற்றுவதில்லை. திண்ணையில் நாலைந்து பேராக உட்கார்ந்து, பேச்சும் சிரிப்புமாக, ஒருத்திக்குக் கணக்குக் குறைந்தால் இன்னொருத்தி தன் கட்டிலிருந்து ஈடுகட்டி, மாலையில் சேர்ந்தே கடைக்குப் போவார்கள்.

கொக்கிரகுளத்திலிருந்து வந்தவள் முதல் நாள் தன் சுளகோடு வாசலில் நிற்கும்போது, திண்ணையில் இருப்பவர்கள் சற்றே நகர்ந்து உட்காருகிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் அவளுக்கு மற்றதெல்லாம்.