காவிரிக்கரைக்கு வந்த மலைமடம்

ஸ்ரீபெரும்புதூரில் இராமானுஜர் அவதரித்தது 1017-ஆம் ஆண்டு என்பது வைணவ மரபு. இராசேந்திரன் சோழ அரியணையில் இருந்த காலம் அது. அதே காலத்தில் இத்தாலியின் அப்பெனைன் மலைக்காட்டில் ரோமுவால்டு என்ற முதிய துறவி, ஐந்து தனிக் குடில்களையும் ஒரு சிற்றாலயத்தையும் எழுப்பிக்கொண்டிருந்தார். கமால்தோலி என்னும் மலைமடம் அங்கே பிறந்தது. ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து புறப்பட்டு, இராமானுஜர் கோயில் நடைமுறைகளை வகுத்த திருவரங்கத்தைக் கடந்து, காவிரியோடு மேற்கே சென்றால் கமால்தோலியின் தமிழ்க் கிளைக்குப் போய்ச் சேரலாம். குளித்தலையை ஒட்டிய தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனம்தான் அது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடம் ஆலைகளில் ஷிப்டு பார்க்கும் கரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கக்கூடும்.

கமால்தோலித் துறவியரின் ஆதிகுரு பெனடிக்ட். தமிழ்க் கத்தோலிக்கருக்கு அவர் புனித ஆசீர்வாதப்பர். சுபியாகோ மலைக்குகையில் தனித்துத் தவமிருந்தவர், சுமார் 529-ல் மான்டே கசினோ குன்றின் உச்சியில் மடம் கண்டார். அவர் எழுதிய ஒழுங்குநூலில் 73 அத்தியாயங்கள். எப்போது எழுவது, யார் சமைப்பது, விருந்தாளியை எப்படி வரவேற்பது என்று எல்லாம் அதில் உண்டு. துறவியும் உடலுழைப்பால் உண்ண வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரி 15 அன்று, நேச நாட்டு விமானங்கள் அந்த மடத்தைத் தரைமட்டமாக்கின. அதன் பிறகு அந்தச் சரிவில் ஏறிப் போரிட்டு மடிந்தவர்களில் நான்காம் இந்தியப் படைப்பிரிவினரும் உண்டு. நம் போர் வரலாற்றில் இது போதிய அளவு பேசப்படவில்லை.

பெனடிக்டின் குகையையும் மடத்தையும் ஒரே மலையில் சேர்த்து வைத்தவர் ரோமுவால்டு. மேலே தனித்திருப்போரின் குடில்கள், குடிலுக்கு ஒரு சிறு தோட்டம். கீழே கூட்டு வாழ்க்கைக்கான மடம். சுற்றியிருந்த தேவதாருக் காட்டை அந்தத் துறவியர் பல நூற்றாண்டுகள் நட்டும் காத்தும் வந்தார்கள். 1866-ல் இத்தாலிய அரசு மடத்துச் சொத்தைக் கையகப்படுத்தும் வரை அது தொடர்ந்தது.

தமிழ்நாட்டுக் கதையைத் தொடங்கியவர் மலைத்துறவி அல்லர். ழூல் மோன்ஷனேன், பிரான்சில் லியோன் நகருக்கு அருகே 1895-ல் பிறந்த பங்குக் குரு. 1939-ல் திருச்சி மறைமாவட்டத்துக்கு வந்து, பத்தாண்டுகள் கிராமப் பங்குகளில் பணி செய்தார். 1948-ல் அவரிடம் வந்து சேர்ந்தார் ஆன்ரி லெ சோ. பிரிட்டனி கடற்கரைப் பகுதியின் கெர்கோனான் மடத்தில் 19 ஆண்டுகள் வாழ்ந்த பெனடிக்டியர். 1950 மார்ச் 21, ஆசீர்வாதப்பர் திருநாளன்று, மாந்தோப்பு ஒன்றில் இருவரும் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அதுவே சாந்திவனம்; சச்சிதானந்த ஆசிரமம் என்பது முறையான பெயர். மோன்ஷனேன் பரம அரூபி ஆனந்தம் ஆனார். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். காவித்துணி, சைவ உணவு, கூரைக் குடில் என்று வாழ்க்கை மாறியது.

அதற்கு முன்பே, 1949 ஜனவரியில், இருவரும் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைப் பார்த்திருந்தார்கள். அந்தப் பயணம் லெ சோவை விடவேயில்லை. 1952 தொடங்கிச் சில ஆண்டுகள் அருணாசலக் குகைகளுக்கு அவர் திரும்பத் திரும்பப் போனார். பேச்சை நிறுத்தினார், பிச்சை எடுத்து உண்டார். பெனடிக்ட் சுபியாகோ குகையில் தேடியதை இவர் அண்ணாமலையில் தேடினார் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அங்கே அவரைப் பற்றிக்கொண்டது அத்வைதம். இறைவனும் நானும் இரண்டல்ல என்ற அனுபவத்தையும், திருப்பலி மேடையில் தான் நிறைவேற்றும் பலியையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று ஆண்டுக்கணக்கில் தவித்தார். நாட்குறிப்பெல்லாம் அந்தத் தவிப்புத்தான். மோன்ஷனேனுக்கோ தோழர் எல்லை தாண்டிப் போகிறாரே என்ற கவலை. ஒரே ஆசிரமத்தில் இருந்த இருவருக்கும் இடையே மனத்தாங்கல் வளர்ந்தது. இதை மறைத்துவிட்டுச் சாந்திவனத்தின் கதையை இனிப்பாகச் சொல்வது அந்த இருவருக்கும் செய்யும் அநீதி.

ஆசிரமத்தில் நிலைத்துத் தங்கச் சீடர் எவரும் வரவில்லை. மோன்ஷனேன் 1957-ல் பாரிஸ் மருத்துவமனையில் இறந்தபோது, உலகக் கணக்குப்படி அது ஒரு தோல்வி. அவர் தளராமல் காத்திருந்த அந்த ஏழு ஆண்டுகளைத்தான் நான் அடித்தளம் என்பேன். லெ சோவின் மனம் இமயத்தை நாடியது. 1968-ல் உத்தரகாசிக்கே போய்விட்டார்.

ஆசிரமத்தை ஏற்க வந்தவரும் ஒரு மலையிலிருந்துதான் இறங்கினார். ஆங்கிலேய பெனடிக்டியரான பீட் கிரிபித்ஸ், பெல்ஜியத் துறவி பிரான்சிஸ் மாஹியுவோடு சேர்ந்து 1958-ல் கேரளத்தின் வாகமண் மலையில் குரிசுமலை ஆசிரமத்தை உருவாக்கியவர். 1968-ல் இரண்டு துறவியரோடு தண்ணீர்ப்பள்ளிக்கு வந்தார்.

இன்று உள்ளே நுழைந்தால் கோயில் கோபுரம் போன்ற வாயில்; அதில் மூவொரு இறைவனைக் குறிக்கும் மும்முக உருவம். கருவறைக்கு மேலே விமானம். அதன் அடியில் திருவெளிப்பாட்டு நூலின் நான்கு உயிர்கள்: சிங்கம், காளை, மனிதர், கழுகு. அதற்கு மேல் இயேசுவின் உருவம், நான்கு திசைக்கும் நான்காக. கருவறை இருட்டாகவே இருக்கும். நற்கருணைப் பேழைக்கு முன் விளக்கொளி மட்டும். ஆரத்தி எடுக்கிறார்கள். இட்டுக்கொள்ளக் காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. உபநிடத வாசகமும் தமிழ்ப் பாடலும் திருப்பாடலும் ஒரே வழிபாட்டில் வருகின்றன.

இதைச் சிலர் வேடம் என்றார்கள். மதமாற்றத்துக்கான தந்திரம் என்று இந்துக்களில் ஒரு சாரார் கடிந்தார்கள். சமயக் கலப்படம் என்று கத்தோலிக்கரில் ஒரு சாரார் கடிந்தார்கள். பிறருடைய புனிதச் சின்னத்தை எடுத்து அணிபவர் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் வேடம் போட்டவர் யாரும் தன் நம்பிக்கையைப் பணயம் வைத்து ஆண்டுக்கணக்கில் குகையில் தவித்ததில்லை.

1980-களின் தொடக்கத்தில் சாந்திவனம் கமால்தோலி சபையோடு இணைந்தது. தனிமையும் கூட்டு வாழ்வும் ஒரே வளாகத்தில் இருக்க இடம் கொடுக்கும் ரோமுவால்டின் ஏற்பாடு, மாந்தோப்புக் குடில்களுக்கும் பொருந்தியது. பீட் கிரிபித்ஸ் 1993 மே 13 அன்று அங்கேயே தம் குடிலில் காலமானார். ஆசிரமத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். வாகமண் மலையில் மாஹியு கலப்பினப் பசுக்களை வளர்த்து, சுற்றுவட்டார விவசாயிகளுக்குப் பால்பண்ணைத் தொழிலைக் கற்றுக்கொடுத்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)