கண்டியின் காற்றும் குழந்தை வைத்தியரும்

கண்டி இராச்சியத்தின் வரலாற்றை எழுதியோர் அதன் மலைகளை அரண் என்றே குறித்தனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவ்வரணைத் தாண்டி நிலைத்த வெற்றி காணவில்லை. 1815 இல் ஆங்கிலேயர் உள்ளே வந்தனர். அன்று பகைவரைத் தடுத்த மலைகள் இன்று புகையை வெளியே போகவிடாது தடுத்து நிற்கின்றன.

ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், ஹந்தானை மலையும் உடவத்தைக் காடும் சூழ, கண்டி நகரம் ஒரு கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது. இரவில் நிலம் குளிர, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் பள்ளத்தில் தங்குகிறது. அதற்கு மேலே வெப்பமான காற்று மூடிபோல் அமைந்துவிடுகிறது. வெயில் ஏறும்வரை புகைக்கு வழியில்லை. அந்த நேரத்தில்தான் நகரின் நடுவே நெருங்கி நிற்கும் பாடசாலைகளை நோக்கிப் பஸ்களும் வான்களும் முச்சக்கர வண்டிகளும் வரிசைகட்டி வருகின்றன.

இதை இயற்கையின் தலையில் சுமத்திவிட்டு நாம் போய்விட முடியாது. தேசாதிபதி பார்ன்ஸ் 1820களில் கடுகண்ணாவைக் கணவாயூடாக வீதி அமைத்தார். 1867 இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். வீதியும் தண்டவாளமும் படையை ஏற்றவும் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கவும் போடப்பட்டவை. பிள்ளைகள் மூச்சு விடுவார்கள் என்று கருதி எவரும் இந்நகரை வகுக்கவில்லை.

மூச்சிழுக்கும் பிள்ளைக்கு மருந்தூட்டி வீட்டுக்கு அனுப்புவதோடு வைத்தியரின் கடமை முடிந்ததா? அமெரிக்கக் குழந்தை வைத்தியர் ஹேர்பர்ட் நீடில்மன் அப்படி எண்ணவில்லை. பொஸ்ரன் நகரை அடுத்த பாடசாலைகளில் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, அவற்றில் படிந்த ஈயத்தை அளந்தார். வகுப்பாசிரியர்கள் தந்த மதிப்பீடுகளை அதனோடு ஒப்பிட்டார். ஈயம் மிகுந்த பற்களுக்குரிய பிள்ளைகள் படிப்பிலும் கவனத்திலும் பின்தங்கியிருந்தனர். 1979 இல் இது வெளியாயிற்று. அன்று பெற்றோலில் ஈயம் கலக்கப்பட்டு, வாகனப் புகையாகத் தெருவெங்கும் பரவிக்கொண்டிருந்தது. ஈயத் தொழிலதிபர்கள் சும்மாயிருப்பார்களா? அவர்களுக்காகச் சாட்சி சொல்லிவந்த நிபுணர்கள் 1991 இல் அவர்மீது ஆய்வு மோசடிப் புகார் தொடுத்தனர். விசாரணையில் மோசடி எதுவும் இல்லையென்று முடிவாயிற்று. ஆசிரியர்களாகிய நம் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த ஆய்வின் ஒரு பாதி வைத்தியருடையது, மறுபாதி வகுப்பறையுடையது.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல்தான் நிறுத்தப்பட்டது. இங்கும் குழந்தை வைத்தியர்கள் எண்ணத் தொடங்கியிருந்தனர். கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கு மூச்சிழுப்போடு வரும் பிள்ளைகளின் தொகையை நகரக் காற்றின் அளவீடுகளோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்புண்டு என்று 2001 இல் எழுதினர். கண்டியில் இக்கணக்கைப் பெரிதும் தொடங்கியவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியலாளரும் இரசாயனவியலாளரும் ஆவர். 2008 இல் வாகன நெரிசலையும் தூசுத்துகள்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. 2011 இல் வந்த மற்றோர் ஆய்வு, கண்டி நகரையும் புறநகரையும் கிராமத்தையும் தனித்தனியே அளந்தது. நகரத்தில் வாகனம், கிராமத்தில் விறகு என்று புகையின் மூலம் பிரிந்து நின்றது.

விறகு என்றதும் நம் நினைவு நகருக்கு வெளியே, கலகாவுக்கும் ஹேவாஹெட்டைக்கும் புசல்லாவைக்கும் செல்கிறது. அங்கே கவ்வாத்து வெட்டிய மிலாறுதான் அடுப்பெரிக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முதுகோடு முதுகு ஒட்டிய லயம், பின்சுவரில் ஜன்னலுக்கு இடமில்லை. பிரட்டுக்குப் போகுமுன் தாய் மூட்டும் அடுப்பின் புகையைப் பாயில் உறங்கும் பிள்ளை சுவாசிக்கிறது. நகரச் சந்தியில் நிறுத்திய அளவுகருவிக்கு இந்தப் புகை எட்டாது. நாட்டில் 1994 இலேயே வெளிக்காற்றுக்கு நியமங்கள் வகுக்கப்பட்டன. காம்பராவுக்குள் இருக்கும் காற்று அவற்றில் அடங்காது.

15 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 6 இலட்சம் பிள்ளைகள் 2016 இல் மாசடைந்த காற்றால் வந்த சுவாச நோய்களுக்குப் பலியாயினர் என உலக சுகாதார நிறுவனம் 2018 இல் கணக்கிட்டது. வீட்டு அடுப்பின் புகையும் அக்கணக்கில் சேர்ந்ததே.

பேராதனைச் சிறுவர் ஆஸ்பத்திரிக்கு மலைத்தோட்டத்துப் பிள்ளையும் வருகிறது, நகரத்துப் பிள்ளையும் வருகிறது. இருவருக்கும் ஒரே ஆவி, ஒரே மருந்து. எந்த அடுப்பு, எத்தனை ஜன்னல், பாடசாலைக்கு எந்த வீதி என்று வைத்தியர் கேட்டு, நோயேட்டில் எழுதிவைத்தால், மாநகரசபைக்கு முன்னால் வைக்க ஒரு சான்று பிறக்கும். தோட்டத்துக்கு இன்னொன்றும் வேண்டும். புகையில்லாத அடுப்பு வாங்கும்படி தாய்க்குப் புத்திமதி சொல்வது எளிது. லயமோ அவளுடைய சொத்தன்று. சுவரை உடைத்துப் புகைபோக்கி வைக்கத் தோட்ட நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். ஆகவே வைத்தியர் எழுதும் துண்டு தாயின் கையோடு நின்றுவிடாமல், துரையின் மேசைக்கும் போக வேண்டும்.