ஆசாரியின் பற்று, வரவு

வீடு கட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றாலும் பரவாயில்லை. யாராவது ஒருத்தர் வீட்டு வாசக்கால் வைபவத்துக்குப் போய் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டிருப்பீர்கள். மஞ்சள் குங்குமம் வைத்த நிலைப்படி. அடியில் நவதானியம், கூடவே ஒரு துளி தங்கம். பக்கத்தில் புது வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, தட்சணை சகிதமாக ஆசாரி. அன்று ஒருநாள் அவர்தான் ஹீரோ.

மறுநாளிலிருந்து? ‘என்ன ஆசாரி, காலையில வர்றேன்னீங்க, மணி பதினொண்ணு ஆச்சே!’ என்று போனில் கத்த ஆரம்பித்துவிடுவோம்.

ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அதே வீட்டுக்கு ஒயரிங் செய்ய வருகிறவரிடம் அரசாங்க லைசென்ஸ் இருந்தாக வேண்டும். கதவு மாட்ட வருகிறவருக்கு? ஒன்றும் வேண்டாம். உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, மூலைமட்டம் இருந்தால் போதும். நம்பகமான மேஸ்திரி ஒருத்தர் ‘நல்லா வேலை செய்வாருங்க’ என்று சொல்லிவிட்டால் அதுதான் சர்டிஃபிகேட்.

‘லைசென்ஸ் தொல்லை இல்லாத ஒரு தொழிலாவது மிச்சம் இருக்கே, சந்தோஷப்படுங்க சார்’ என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நான் பி.காம். படித்தவன். எதையும் பற்று, வரவு என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினால்தான் மண்டையில் ஏறும். எழுதிப் பார்த்தபோது தெரிந்தது, தச்சர் பேரில் தொள்ளாயிரம் வருஷமாக யாராவது ஏதாவது எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் காகிதத்துக்குப் பதில் கல். அவ்வளவுதான்.

முதல் பதிவு 1118.

அரியலூர் மாவட்டத்து கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போயிருப்பீர்கள். இன்றைக்கு வானளாவிய கோயிலும் அமைதியும்தான் அங்கே இருக்கின்றன. 1118-ல் அது சோழப் பேரரசின் தலைநகரம். முதலாம் குலோத்துங்கன் சிம்மாசனத்தில் ஏறி 48-வது வருஷம். அந்த வருஷம் திருச்சிக்குப் பக்கத்தில், உய்யக்கொண்டான் திருமலைக் கோயிலில் ஒரு கல்வெட்டு வெட்டினார்கள். ராஜாஸ்ரய சதுர்வேதிமங்கலத்துப் பட்டர்கள் கூடி, சாஸ்திரங்களைப் புரட்டி, ‘ரதகாரர்’ என்ற பிரிவினர் என்னென்ன வேலை செய்யலாம் என்று தீர்மானித்தார்கள். வீடு கட்டலாம், தேர் செய்யலாம், கோபுரமும் மண்டபமும் எழுப்பலாம், யாகத்துக்கான கருவிகள் செய்யலாம், அரசர்களுக்கு நகை செய்யலாம்.

இதை லைசென்ஸ் என்று சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். ஒரே ஒரு வித்தியாசம். ‘உனக்கு வேலை தெரியுமா?’ என்று யாரும் கேட்கவில்லை. ‘நீ யாருக்குப் பிறந்தவன்?’ என்பதுதான் கேள்வி.

அடுத்த பதிவு கரூர் பக்கத்து வெங்கால நாட்டில். கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயரோடு ஓர் அரசன் அங்கிருந்த கம்மாளர்களுக்கு, அதாவது தச்சர், கொல்லர், கல்தச்சர், தட்டார், கன்னார் ஆகிய ஐந்து பிரிவினருக்கு, ஓர் ஆணை கொடுத்தான். இனிமேல் நீங்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம். வெளியே போகும்போது செருப்பு போட்டுக்கொள்ளலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்.

பெரிய சலுகைதான். ஆனால் அதைத் திருப்பிப் போட்டுப் படியுங்கள். அதுவரை செருப்பு போடக்கூடாது! ஊருக்கெல்லாம் மாளிகை கட்டியவர் தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச ராஜா கையெழுத்து தேவைப்பட்டிருக்கிறது. இதை வரவு என்று எழுதுவதா, பழைய பாக்கி என்று எழுதுவதா? என் கணக்கு வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும்.

ராஜாக்கள் போனார்கள். கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சாதியும் சாஸ்திரமும் இரண்டாம்பட்சம், காசுதான் முதல். மொதர்பா என்று ஒரு வரி இருந்தது. நெசவாளி, தச்சர், கொல்லர், ரோட்டோரம் கூடையில் வைத்து விற்கிறவர் என யாரையும் விடவில்லை. சிலருக்கு விற்பதற்கு வரி. சிலருக்குக் கையில் வைத்திருக்கும் கருவிக்கே வரி.

1852-ல் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று ஆரம்பித்த ‘மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன்’ பிரிட்டிஷ் பார்லிமென்டுக்கு ஒரு மனு அனுப்பியது. மொதர்பாவைப் பற்றி அதில் ஒரு புகார் உண்டு. தொழிலாளி வைத்திருப்பது ரொம்ப மலிவான கருவியாக இருக்கும், அதைப் பயன்படுத்தக் கட்டும் வரியோ பல சமயம் கருவியின் விலையைப் போல ஆறு மடங்கு என்கிறது மனு. அதாவது நாலணா உளிக்கு ஒன்றரை ரூபாய் லைசென்ஸ் ஃபீஸ்!

1860-ல் வருமான வரி வந்தது. அதன் பின்னால் மொதர்பா விடைபெற்றது. பற்றுப் பத்தியில் ஒரு பெரிய கோடு.

அப்புறம் ரொம்ப நாளைக்கு ஆசாரியை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அவருடைய வேலை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. அரியலூர்ப் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் கொட்டிக் கிடக்கிறது. சிமென்ட் ஆலைகள் வந்தன. தேக்கு உத்தரமும் மரச்சட்டமும் இருந்த இடத்தில் கான்கிரீட் தளம் வந்தது. உத்தரம் இழைத்த கை, கான்கிரீட்டைத் தாங்கிப் பிடிக்கும் பலகை அடிக்கப் போனது. அதுதான் சென்ட்ரிங். காய்ந்ததும் பிரித்து எடுத்துவிடுவார்கள். தச்சர் செய்த வேலை கட்டடத்தில் மிஞ்சாது. ஆனால் சாரத்திலிருந்து கால் தவறினால் மட்டும் அவர் உடம்பில் கடைசிவரை மிஞ்சும்.

சாரத்திலிருந்து விழுந்தால் யாரைக் கேட்பது? வீட்டுக்காரர் மேஸ்திரியைக் காட்டுவார். மேஸ்திரி கான்ட்ராக்டரைக் காட்டுவார். கான்ட்ராக்டர் வீட்டுக்காரரைக் காட்டுவார். மூன்று பேர் கணக்குப் புத்தகத்திலும் விழுந்தவர் பெயர் இருக்காது.

இந்த வட்டத்தை உடைக்கத்தான் கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் கிளம்பின. தமிழ்நாட்டுச் சங்கங்களுக்கு இதில் முக்கியமான பங்கு. 1985-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தலைமையில் தேசிய அளவில் ஒரு பிரசாரக் குழு உருவானது. தொழிலாளிகளுக்காக அவர்களே ஒரு சட்ட வரைவைத் தயாரித்து, கையெழுத்து வாங்கி, பார்லிமென்டுக்கு மனு கொடுத்தார்கள். மத்திய சட்டம் வர 1996 ஆகிவிட்டது. அதற்குள் தமிழ்நாடு முந்திக்கொண்டது. 1982-ம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், 1994 நவம்பர் 30-ம் தேதி கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் பிறந்தது.

ஒரு வேடிக்கை பாருங்கள். தோதகத்தி மரத்தைக் காப்பாற்ற தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டதும் அதே 1994-ல்தான். மரத்துக்கும் மரம் இழைக்கிறவருக்கும் ஒரே வருஷத்தில் பாதுகாப்பு!

நல வாரியப் பட்டியலில் கொத்தனார், பெயின்டர், கம்பி வளைப்பவரோடு தச்சரும் உண்டு. 18 வயதிலிருந்து 60 வரை பதிந்துகொள்ளலாம். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், விபத்து, மரணம் எல்லாவற்றுக்கும் உதவித்தொகை. 60-க்குப் பிறகு பென்ஷன். இதற்கான பணம் யாருடையது? கட்டடம் கட்டுகிறவர்கள் செலுத்தும் செஸ். அதாவது, உங்களுடையது, என்னுடையது.

தொள்ளாயிரம் வருஷக் கணக்கில் தச்சருக்குப் பணமாக வந்த முதல் வரவு இதுதான். யாரும் தானாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. கேட்டு, போராடி வாங்கியது.

சுபம் போடலாமா? ம்ஹூம்.

2018 மார்ச் 19-ம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்க செஸ் மூலம் வசூலான தொகை 37,400 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளிகளுக்குச் செலவழித்தது சுமார் 9,500 கோடி. மீதி? நல வாரியங்களில் தூங்குகிறது. காரணங்களில் முக்கியமானது, நம்முடைய பழைய வியாதிதான். பெயர் பதியப்படாத தொழிலாளிகள் ஏராளம். பெயர் இல்லாதவருக்கு செக் எழுத முடியாதே!

கான்ட்ராக்டர் பக்கமும் ஓட்டை உண்டு. 1970-ம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 20 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்தால்தான் லைசென்ஸ் கேட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் அது 50 பேர். கட்டடத் தொழிலுக்கான 1996 சட்டத்தின் எல்லை 10 பேராக இருந்தது. உங்கள் வீட்டுக்கு வரும் மரவேலை கான்ட்ராக்டரிடம் எத்தனை பேர்? ரெண்டு மச்சான், ஒரு தம்பி, ஒரு எடுபிடிப் பையன். எந்தச் சட்டத்துக்கும் அவர் கண்ணில் படமாட்டார்.

இனி பெரம்பலூர். பச்சைமலையின் அடிவாரத்தில் அரும்பாவூர். தேர்ச் சிற்பத்துக்கும் மரச்சிலைக்கும் பேர்போன ஊர். வாகை, மா, வேம்பு என்று ஒரே மரத்துண்டில் சாமியைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். 2020 மே மாதம் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் அப்போதுதான்.

பெருமைதான். ஆனால் இந்தப் பதிவேட்டில் இரண்டு பாகம் உண்டு. முதல் பாகத்தில் குறியீட்டை வாங்கிய அமைப்பின் பெயர். இரண்டாம் பாகத்தில் ‘அதிகாரம் பெற்ற பயனாளர்’ என்று ஒவ்வொரு கைவினைஞரும் தனித்தனியாக மனுப்போட்டுப் பதிய வேண்டும். ஊர் பெயர் ஏறிவிட்டது. உளி பிடிப்பவர் பெயர் தனியாக ஏற வேண்டும்.

கடைசிப் பதிவு. 2023 செப்டம்பர் 17-ல் மத்திய அரசு ‘பி.எம். விஸ்வகர்மா’ திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்களில் தச்சும் ஒன்று. பயிற்சி, கருவி வாங்கப் பணம், கடன் எல்லாம் உண்டு. ஆனால் விதியில் ‘குடும்பம் சார்ந்த பாரம்பரியத் தொழில்’ என்று ஒரு வரி. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்பதை எடுக்கச் சொன்னது தமிழக அரசு. நடக்கவில்லை. 2025 ஏப்ரலில் ‘கலைஞர் கைவினைத் திட்டம்’ என்று தனியாக ஆரம்பித்துவிட்டது. இதில் 25 தொழில்கள், யார் செய்தாலும் சரி. ஆனால் வயது 35 ஆகியிருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடக்கூடாது என்று.

இதில் எது சரி என்று நீங்களே விவாதித்துக்கொள்ளுங்கள். என் கண்ணில் பட்டது வேறு. ‘யார் தச்சர்? பிறப்பா, கைவேலையா?’ 1118-ல் உய்யக்கொண்டான் திருமலையில் பட்டர்கள் உட்கார்ந்து பேசிய அதே கேள்வி!

பேரேட்டை மூடுவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அது உங்களுக்கு. அடுத்த முறை ஆசாரி வீட்டுக்கு வந்தால், டீ கொடுக்கும்போதே கேளுங்கள்: ‘வாரியத்துல பதிஞ்சிருக்கீங்களா அண்ணே? கார்டை ரினீவல் பண்ணிட்டீங்களா? கூட வேலை செய்யற தம்பிக்கு இருக்கா?’

‘அதெல்லாம் யாருங்க அலையறது’ என்றுதான் பதில் வரும். ஒருநாள் வேலை போனால் ஒருநாள் கூலி போச்சு. அவர் கவலை அவருக்கு. அந்த ஒருநாள் கூலியைக் கையில் கொடுத்து, ‘முதல்ல போய் பதிஞ்சுட்டு வாங்க, கதவு ஒருநாள் லேட்டானா பரவாயில்லை’ என்று சொல்லிப் பாருங்கள்.

வாசக்கால் வைத்த அன்றைக்கு வேட்டி, துண்டு கொடுத்தீர்களே, அதைவிட உருப்படியான தட்சணை இது.