கட்சால் தீவும் ஒரு பத்திரிகைக்காரரும்

நிக்கோபார் தீவுகளில் கட்சால் என்று ஒரு தீவு. 2000 ஜனவரி 1 சூரிய உதயத்துக்காகப் பேசப்பட்டது, 2004 சுனாமியில் பெரிதும் அழிந்தது. அங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வடிக்க 1970களில் குடியேற்றப்பட்ட தமிழர்கள் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். அவர்களது தாத்தா பாட்டிகளுக்காகப் பேனா பிடித்தவர்தான் கோ. நடேசய்யர்.

1887-ல் தஞ்சைப் பக்கம் பிறந்தவர். கணக்குப் பதிவியல் படித்தவர். நம்மில் பலரைப் போல, படிப்பை நம்பிக் கடல் தாண்டியவர்தான். கொழும்பில் 1921-ல் 'தேசநேசன்' ஆசிரியரானார். 1924-ல் 'தேசபக்தன்' தொடங்கினார்.

தேயிலைத் தோட்டங்களுக்குள் வெளியாள் நுழைய முடியாத காலம் அது. துரை அனுமதி தரமாட்டார். கங்காணி காட்டிக் கொடுப்பார். ஆனால் புடவை வியாபாரிக்குத் தடையில்லை! ஐயர் துணி மூட்டையோடு லயங்களுக்குப் போனார். கண்டதைப் பத்திரிகையில் எழுதினார். சரி, எழுத்தறியாதவர்களுக்கு? மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டாகவே பாடிச் சொன்னார்.

1925-ல் சட்டசபைக்குள் நுழைந்தார். 1931-ல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்றே தொழிற்சங்கம் அமைத்தார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் அட்டன் தொகுதி உறுப்பினர்.

1947 நவம்பரில் அவர் காலமானார். அடுத்த வருடமே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள், பிறகு வாக்குரிமையும் போனது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக் கொள்ளலாமாம்! அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அப்படி அனுப்பப்பட்டவர்களில் சிலர்தான் கட்சாலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தேயிலை போய் ரப்பர் வந்தது, அவ்வளவுதான்.

ஐயர் தோற்றுவிட்டாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூலி என்று மட்டுமே அழைக்கப்பட்டவர்களுக்கு, நீ கேட்கலாம், சங்கம் சேரலாம், ஓட்டுப் போடலாம் என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். சட்டம் ஓட்டைப் பறித்தது, அந்தப் பாடத்தைப் பறிக்க முடியவில்லை. மலையகத்தில் சங்கங்கள் இன்றும் இருக்கின்றன.

நமக்கு விசா, பச்சை அட்டை, பாஸ்போர்ட் என்று காகிதத்தின் அருமை தெரியும். மூன்று தலைமுறை உழைத்த பிறகும் அந்தக் காகிதம் கிடைக்காதவர்களின் கதை இது. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.