கள்ளுக்கடையும் பொதுத்திடலும்

காஜாங் என்றதும் சாத்தேயை நினைப்போர் பலர். ரப்பரை நினைப்போர் சிலரே. ஆயினும், மலாயாவில் ரப்பர் வாணிக நோக்கில் பயிரிடப்பட்ட தொடக்க இடங்களுள் ஒன்று காஜாங்கை அடுத்த இஞ்ச் கென்னத் தோட்டமாகும். கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890-களின் நடுப்பகுதியில் அங்கு நட்ட கன்றுகளின் வழியே உலுலங்காட் வட்டாரம் பால்மரக்காடாயிற்று. காடு பெருகவே தமிழகத்திலிருந்து ஆட்கள் பெருகினர், லயங்கள் எழுந்தன. லயத்தை ஒட்டி ஒரு கோயில், பெயருக்கு ஒரு பள்ளி, தவறாமல் ஒரு கள்ளுக்கடை: இதுவே அந்நாளைய தோட்டத்தின் அமைப்பு.

இக்கள்ளுக்கடையின் கணக்கு விந்தையானது. அரசு உரிமம் வழங்கும். தோட்ட நிர்வாகம் கடையை நடத்தும். வேலை முடிந்த பின் குறித்த நேரத்தில் தொழிலாளி குடிப்பான். செலவு போக எஞ்சிய இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவிடப்பட வேண்டும் என்பது விதி. பந்தாட்டத் திடலுக்கும் திருவிழாவுக்கும் பிள்ளைகளின் கேளிக்கைக்கும் பணம் இவ்வழியாகவே வந்தது. தந்தை குடித்தால்தான் பிள்ளைக்குத் திடல்! குடி குறைந்த தோட்டத்தில் நலநிதியும் குறைந்தது. அந்நிதியை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்தவர் துரையேயன்றித் தொழிலாளி அல்லர்.

துரைமார்களை மட்டும் குறை கூறுவதற்கில்லை. அவர்களுக்கு மேலிருந்த அரசும் அதே பாடத்தையே படித்திருந்தது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களிடையே அபின் பரவியிருந்த காலத்தில், முதலில் அதனைக் குத்தகைக்கு விட்டும், 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து தானே காய்ச்சி விற்றும் அரசு பொருளீட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினால் வந்ததாகும். சாலையும் மருத்துவமனையும் அப்பணத்திலும் எழுந்தன. கீழ்த்திசைக் குடியேற்றங்களில் அபின் புகைத்தலை அறவே ஒழிப்பதாகப் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது 1943 நவம்பரில். அப்போது மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. இழப்பதற்கு வருவாய் இல்லாத வேளையில் பிறந்த அறம் அது.

தொழிலாளர் தம் கருத்தை வெளிப்படையாகச் சொன்னது 1941-இல். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. அதனை முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர்களுள் முதன்மையானவர் ஆர்.எச்.நாதன், தமிழ் நேசன் நாளேட்டின் துணையாசிரியராயிருந்தவர். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளை ஒருங்கே நோக்குதல் வேண்டும். சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவ வசதி, பெண்களுக்குத் தொல்லையின்மை, துரைக்கு எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டாத உரிமை, இவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடுதல்.

குடிகாரர் என்று இகழப்பட்டவர்களே கடையை மூடுக என்றனர். அதையும் தனியாகக் கேட்டாரில்லை. பள்ளியோடும் மருத்துவத்தோடும் தன்மானத்தோடும் சேர்த்தே கேட்டனர். மாலையில் போவதற்கு வேறோர் இடமும், மதிப்போடு வாழ்வதற்கு ஒரு வழியும் இல்லாதவனிடம் குடியாதே என்பதில் பொருளில்லை என்பதை எந்தக் குழுவின் அறிக்கையும் படியாமலே அவர்கள் உணர்ந்திருந்தனர். அரசின் விடை வேறாக இருந்தது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். போருக்குப் பின் 1947-இல் கெடா மாநிலம் பெடோங்கில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தபோதும் காவலரின் தடியே முன்வந்தது.

கடையை மூடினால் சம்சு பெருகும் என்பது அந்நாளில் நிர்வாகத்தார் சொன்ன வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. பிற்காலத்தில் சம்சு எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்தது. ஆனால் மூடிய கடைக்கு மாற்றாக எதைத் திறப்பது என்ற வினாவை வாதிட்டவர்கள் எழுப்பவே இல்லை.

அவ்வினாவை எழுப்புவதற்குரிய இடம் ஊராட்சி மன்றம். 1950-களில் நகரங்களில் மன்றத் தேர்தல்கள் நடைபெற்றன. கோலாலம்பூரில் முதல் தேர்தல் 1952-இல். தோட்டங்களோ தனியார் நிலமாதலால் மன்றங்களின் பணி பெரும்பாலும் தோட்ட வாயிலோடு நின்றது. இந்தோனேசிய மோதலைக் காரணங்காட்டி 1965-இல் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில் மன்றங்களை ஆராய அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமையேற்றவர் ஒரு தமிழர்: செனட்டர் ஆதி நாகப்பன். (அவருடைய துணைவியார் ஜானகி, ஜான்சி ராணிப் படையில் பணியாற்றியவர்.) தேர்ந்தெடுக்கப்பட்டோரே மன்றங்களை நடத்த வேண்டும் என்று 1968-இல் அவ்வாணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் உறுப்பினர் நியமனத்தையே முறையாக்கியது.

போதைப்பொருள் ஒழிப்புக்கெனப் பெமாடாம் சங்கம் தோன்றியதும் அதே 1976-இல்தான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1983 பிப்ரவரி 19 அன்று போதைப்பொருளை நாட்டின் பெரும் பகையெனப் பிரதமர் மகாதீர் அறிவித்தார். சிகிச்சை, மறுவாழ்வுக்கான சட்டமும் அவ்வாண்டே வந்தது. 1996-இல் நிறுவப்பட்ட தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் தலைமையகம் காஜாங்கிலேயே அமைந்துள்ளது. 1997 ஜனவரி முதல் நாள் உலுலங்காட் மாவட்ட மன்றம் காஜாங் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது.

இதற்கிடையில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. அண்மையிலிருந்த பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவாகவே மாறிற்று. லயத்து மக்கள் அடுக்குமாடிகளுக்குச் சென்றனர். கள்ளுக்கடையும் போயிற்று, பந்தாட்டத் திடலும் போயிற்று. இன்று காஜாங் வட்டாரத்தில் திடலுக்கும் மண்டபத்துக்கும் இடம் ஒதுக்குவதும், கடைகளுக்கு உரிமம் தருவதும் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. அதன் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. வாக்களிப்பதற்குத் தேர்தல் இல்லையாதலால், திடல் வேண்டுவோர் மனு எழுதுகின்றனர்.