பாஸ்பரஸ் தாடை நோய்

ஈறுக்குள் புதைந்த ஞானப்பல்லை எடுக்க ஈறைக் கீறி, மேலிருக்கும் எலும்பைக் கொஞ்சம் நீக்கி, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள். அதன்பின் எல்லாம் குழியில் உறைந்து நிற்கும் இரத்தத்தைப் பொறுத்தது. அது நிலைத்தால் அங்கே எலும்பு வளரும். கலைந்தால் மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை வலி தெறிக்கும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தீப்பெட்டித் தொழிலாளர் பலருக்குப் பல் பிடுங்கிய குழி ஆறவே இல்லை. வெண் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்தவர்களின் தாடையில் சீழ் வைத்து, நாற்றமெடுத்து, செத்த எலும்பு வெளியே தெரிந்தது. வியன்னா மருத்துவர் லோரின்சர் இதை 1845இல் பதிவு செய்தார். 1856இல் நியூயார்க் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ரஷ்மோர் வுட், இந்நோய் கண்ட ஓர் இளம்பெண்ணின் கீழ்த்தாடை முழுவதையும் அகற்றினார். எலும்பைப் போர்த்திய சவ்வை அவர் விட்டுவைத்ததால் புது எலும்பு வளர்ந்தது. கை தேர்ந்த அறுவைதான். ஆனால் ஆவி நிறைந்த ஆலைக்குள் அடுத்த பெண் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

தலைமுறை தலைமுறையாகத் தீப்பெட்டி ஆபீஸ்களை நம்பிப் பிழைத்த சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் இந்நோய் தொழில்நோயாக வராததற்குக் காரணம் மருத்துவம் அல்ல, சட்டம். வெண் பாஸ்பரஸ் தீக்குச்சிக்கு எதிரான பெர்ன் உடன்படிக்கை 1906இல் வந்தது. இந்தியத் தடைச் சட்டம் 1913இல் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் பழகித் திரும்பிச் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கியது 1923இல். அதற்குள் பாதுகாப்புத் தீக்குச்சி வந்துவிட்டதே, சட்டம் இல்லாமலும் அதைத்தானே செய்திருப்பார்கள் என்று கேட்கலாம். சுவீடனின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதை 1855 வாக்கிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இருந்தும், மலிவு, எதில் உரசினாலும் பற்றும் என்பதற்காக வெண் பாஸ்பரஸ் குச்சி மேலும் அரை நூற்றாண்டு ஓடியது. பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் தடை விதித்தே அதை நிறுத்தின. லண்டன் பிரயன்ட் அண்ட் மே ஆலைப் பெண்கள் 1888இல் வேலைநிறுத்தம் செய்த பிறகும் பிரிட்டனில் தடைச் சட்டம் வர 1908 ஆயிற்று. நல்ல மாற்று கையில் இருந்தும் முதலாளிகள் தாமாக மாறவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பெட்டியின் பக்கவாட்டில் பூசும் சிவப்புப் பாஸ்பரஸும் பாஸ்பரஸ்தானே என்பது அடுத்த ஐயம். அது சாதாரண வெப்பத்தில் ஆவியாகி மூச்சில் கலப்பதில்லை. குச்சி மருந்திலுள்ள பொட்டாசியம் குளோரேட்டோடு சேர்த்து உரசினால் வெடிக்கும் ஆபத்து அதற்கு உண்டு. சட்டம் விலக்கியது தாடைநோயை மட்டுமே, தீ விபத்தை அல்ல.

2003இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ், பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுத்தவர்களிடம் இதே போன்ற தாடைச் சிதைவைக் கண்டு எழுதினார். எலும்புத் தேய்மானத்துக்கும் எலும்பில் பரவிய புற்றுநோய்க்கும் தரப்படும் பாஸ்பரஸ் அடங்கிய மருந்து அது. இங்கும் பெரும்பாலும் பல் பிடுங்கிய இடத்தில்தான் தொடங்குகிறது. 8 வாரத்துக்கு மேலாகியும் எலும்பு மூடாமல் தெரிந்தால் நோய் என்று கொள்கிறார்கள். ஆகவே பல் எடுக்குமுன் எலும்புக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்பது அவசியமான கேள்வி. புற்றுநோய்க்காக அந்த ஊசியைத் தொடங்கவிருப்பவருக்குத் தொல்லை தரும் ஞானப்பல் இருந்தால், அவகாசமிருக்கும்போதே அதை எடுத்து, குழி ஆறிய பிறகு ஊசி போடுகிறார்கள்.