மெக்கேபின் பத்து

1976 டிசம்பரில் ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தின் மென்பொருள் பொறியியல் இதழில் தாமஸ் மெக்கேப் என்பவரின் கட்டுரை வெளியானது. மேரிலாந்து மாநிலம் ஃபோர்ட் மீடில், அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையில் வேலை பார்த்தவர் அவர். நிரலின் ஒரு பகுதி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை அன்று நீளத்தை வைத்தே முடிவு செய்தார்கள். ஐபிஎம் நிறுவனத்தில் ஐம்பது வரி, டிஆர்டபிள்யூ நிறுவனத்தில் இரண்டு பக்கம். மெக்கேப் இந்த விதியை ஒரே கணக்கில் கவிழ்த்தார். ஐம்பது வரிக்குள் 25 ‘இஃப்’ நிபந்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இரண்டு வழி என்றால் மொத்தம் இரண்டின் 25-ஆம் அடுக்கு, அதாவது 3 கோடியே 35 லட்சத்துக்கும் மேற்பட்ட பாதைகள். விதிப்படி அது அளவான நிரல்தான். ஆனால் எல்லாப் பாதையையும் சோதித்துப் பார்க்க ஆயுசு போதாது.

அவர் காட்டிய மாற்று, கணிதத்தில் ஏற்கெனவே இருந்த வரைபடக் கோட்பாடு. நிரலைப் புள்ளிகளும் இணைப்புகளுமாக வரைந்து, இணைப்புகளின் எண்ணிக்கையிலிருந்து புள்ளிகளைக் கழித்து இரண்டைக் கூட்ட வேண்டும். வரையாமலே சொல்வதென்றால், கிளை பிரியும் இடங்களை எண்ணி ஒன்று கூட்டினால் போதும். மேலே சொன்ன நிரலுக்கு 26. கோடிக்கணக்கான பாதைகளில் ஒன்றுக்கொன்று சாராதவை இத்தனைதான், குறைந்தது இத்தனை சோதனையாவது எழுது என்பதே அந்த எண்ணின் பொருள். வரம்பாக அவர் 10-ஐ வைத்தார். அது நியாயமாகப் படுகிறது, மந்திர எண்ணெல்லாம் இல்லை என்று அவரே சொல்லியும்விட்டார். இன்று நிரலைப் பரிசோதிக்கும் கருவி சிவப்பு விளக்கைக் காட்டியதும் ரீஃபாக்டரிங் செய்ய, அதாவது நிரலின் உள் அமைப்பைத் திருத்தி எழுத, கிளம்புகிறவர்கள் இந்த அடக்கத்தை மறந்துவிடுகிறார்கள். சோதிக்கவும் பராமரிக்கவும் ஏற்ற நிரலே தன் இலக்கு என்று மெக்கேப் எழுதினார் என்பது உண்மை. ஆனால் அவருடைய எண் நேராக அளப்பது சோதனையின் செலவை மட்டுமே. எப்போது திருத்தி எழுதுவது என்ற கேள்வி வேறு வயிற்றில் பிறந்தது.

அதன் தொடக்கத்தை எழுபதுகளில் மேயர் லேமனும் லாஸ்லோ பெலாடியும் செய்த ஆய்வில் பார்க்கலாம். ஐபிஎம்-மின் ஓஎஸ்/360 இயங்குதளம் ஒவ்வொரு வெளியீட்டிலும் எப்படிப் பெருத்தது என்று கவனித்த அவர்கள், பயன்பாட்டிலிருக்கும் மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும், குறைப்பதற்கென்று தனியே உழைக்காவிட்டால் அதன் சிக்கல் ஏறிக்கொண்டே போகும் என்றார்கள். மெக்கேபின் படத்தில் காலம் கிடையாது. லேமனின் பேச்சு முழுக்கக் காலத்தைப் பற்றியதுதான். 1992-இல் வில்லியம் ஆப்டைக் இலினாய் பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வு, வெளி நடத்தை மாறாமல் உள் அமைப்பை மாற்றும் படிகளை வகுத்துத் தந்தது. 1999-இல் மார்ட்டின் ஃபௌலரின் புத்தகம் ‘ரீஃபாக்டரிங்’ என்ற சொல்லை ஊரறியச் செய்தது. கென்ட் பெக்கோடு சேர்ந்து அவர் எழுதிய அத்தியாயம் எந்த எண்ணையும் தரவில்லை. நிரலில் ஏதோ சரியில்லை என்று உணர்த்தும் அறிகுறிக்கு ‘நாற்றம்’ என்ற சொல்லைத் தந்தது. புதிய வசதி சேர்க்கும்போது செய், பிழை திருத்தும்போது செய், ஒரே மாதிரி வேலை மூன்றாம் முறை வந்தால் செய் என்றது புத்தகம். மூன்றுமே கை அந்த இடத்தைத் தொடும் தருணங்கள்.

மூக்கை நம்பினால் ஆளுக்கொரு நாற்றம் அடிக்குமே, எண் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பத்து பேர் வேலை செய்யும் இடத்தில் வாக்குவாதத்தைக் குறைக்க ஒரு வரம்பு உதவத்தான் செய்யும். ஆனால் எண்ணின் தகுதியையும் பார்க்க வேண்டும். 1988-இல் மார்ட்டின் ஷெப்பர்ட் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, மெக்கேபின் அளவு பெரும்பாலும் வரி எண்ணிக்கைக்கு ஒரு பதிலி மட்டுமே, பல இடங்களில் வரி எண்ணிக்கையே அதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று காட்டினார். மெக்கேப் துரத்திவிட்ட வரி விதி பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. எண்ணை ஏமாற்றுவதும் சுலபம். 12 என்று காட்டும் ஒரு ஃபங்ஷனை நடுவில் வெட்டி இரண்டாக்கினால் 6-ம் 7-ம் ஆகும், விளக்கு பச்சையாகிவிடும். ஆனால் பகுதிகளின் கூட்டலே மொத்தம் என்பதுதான் மெக்கேபின் கணக்கு. அதன்படி 12 இப்போது 13. படிப்பவரும் ஒரு இடத்துக்குப் பதில் இரண்டு இடத்தைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். வெட்டிய இடம் பொருளோடு பொருந்தினால் அந்த ஒன்று லாபம்தான். பொருந்தாவிட்டால் நஷ்டம், அதையும் எண் சொல்லாது.

அப்படியானால் எண்ணைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டியதில்லை. அதோடு காலத்தைச் சேர்த்துக்கொண்டால் போதும். 2005-இல் நாச்சியப்பன் நாகப்பனும் தாமஸ் பாலும் விண்டோஸ் சர்வர் 2003-ஐ எடுத்துக்கொண்டு, ஒரு பகுதி தன் அளவுக்கு எவ்வளவு மாற்றப்பட்டது என்பதை வைத்து அதில் பிழை எவ்வளவு அடர்ந்திருக்கும் என்று கணிக்க முடியும் என்று காட்டினார்கள். மாற்றங்களின் பதிவு எந்தக் குழுவிடமும் இலவசமாகவே கிடக்கிறது. சிக்கலான இடம், அடிக்கடி கை படும் இடம் என்ற இரண்டு பட்டியலிலும் வருவதே முதலில் திருத்த வேண்டியது.

மெக்கேப் தன் வரம்புக்கு ஒரு விலக்கு வைத்திருந்தார்: ஒரே தேர்விலிருந்து தனித்தனியாகப் பிரியும் நீண்ட ‘கேஸ்’ வரிசைக்குப் பத்து பொருந்தாது. மாத எண்ணை வாங்கிப் பெயரைத் திருப்பித் தரும் ஃபங்ஷனில் பன்னிரண்டு கிளை, எண் 13. பல கருவிகளில் அதற்குச் சிவப்பு விளக்குதான். எழுதிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள், தொடவும் வேண்டியதில்லை. வருஷத்துக்குப் பதிமூன்றாவது மாதம் வரப்போவதில்லை.